பூண்டு பன்னும் புகை இயந்திரமும்

முந்திரியின் உண்மையான பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வீட்டிலும் தெருவிலும் எல்லாருக்கும் அவள் முந்திரிதான். முந்திரிக்கொட்டை மாதிரி எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு நிற்கிறாளே என்று மாமா வைத்த பெயர் அது. யாராவது கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அவள் பதிலைச் சொல்லிவிடுவாள். பதில் சரியா தப்பா என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாமா ரொட்டி சுடுபவர். தெருவைப் பார்த்தபடி கடை, அதற்குப் பின்னால் பெரிய அடுப்பு இருக்கும் கூடம், மாடியில் வீடு. மாமா, அத்தை, அம்மா, முந்திரி நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள். அப்பா கப்பலில் சமையல்காரர். அவர் வீட்டில் இருக்கும் நாட்களை விடக் கடலில் இருக்கும் நாட்கள்தான் அதிகம்.

அம்மா ரொட்டி சுடுவதில்லை. அம்மா புகையைப் பிடிப்பவள்.

அடுப்புக் கூடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. முன்பு மாவு மூட்டைகள் அடுக்கி வைத்திருந்த இடம். இப்போது அங்கே அம்மாவின் இயந்திரம் நின்றது. அடுப்பின் புகைபோக்கியிலிருந்து ஒரு தடித்த குழாய் இறங்கி, அந்த இயந்திரத்துக்குள் போயிற்று.

எதிர்வீட்டுத் தையல்காரர் ரொட்டி வாங்க வரும்போதெல்லாம் அந்தக் குழாயை அண்ணாந்து பார்ப்பார்.

"ஏம்மா முந்திரி, புகைங்கிறது எரிஞ்சு முடிஞ்ச சமாச்சாரம். அதுலேருந்து மறுபடியும் எரியிற வாயு எடுக்கிறோம்னு உங்கம்மா சொல்றாங்க. கிழிஞ்ச துணியில புதுச் சட்டை தைக்கிற கதையால்ல இருக்கு?"

"நூல் இருந்தா தைக்கலாம்ல அண்ணா? எங்ககிட்ட வெயில் இருக்கு. அதுதான் நூல்" என்றாள் முந்திரி.

"கொஞ்சம் புரியிற மாதிரி சொல்லு."

"கூரை மேல தகடு இருக்கில்ல, அது வெயில்லேருந்து மின்சாரம் எடுக்கும். அந்த மின்சாரம் தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் குடுக்கும். புகைக்குள்ள கரியமில வாயு இருக்கு. அதுவும் ஹைட்ரஜனும் சேர்ந்தா எரிவாயு. புகைக்குத் தனியா தெம்பு கிடையாது. தெம்பு எல்லாம் வெயிலோடது."

தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இழுத்து விட்டுக்கொண்டார். "பரவாயில்ல. இந்தத் தடவை பதில் சரியாத்தான் இருக்கும்போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இயந்திரத்தின் நடுவில் ஒரு தடித்த உருளை இருந்தது. கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் அதற்குள்தான் சேரும். சேர்ந்ததும் எரிவாயு ஒரு பக்கம் போகும். இன்னொரு பக்கம் தண்ணீர் வரும். எரிவாயு ஒரு சின்ன அடுப்பில் நீலமாக எரியும். தண்ணீர் ஒரு கண்ணாடி பாட்டிலில் சொட்டும்.

டொக். டொக். டொக்.

முந்திரிக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். சொட்டு வேகமாக விழுந்தால் இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பாட்டில் பக்கத்தில் போய்க் காதை வைப்பாள்.

ஒரு நாள் அப்படிக் காதை வைத்தபோது ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் அவள் ஒரு கொட்டாவியே விட்டுவிட்டாள்.

"அம்மா, இதுக்கு உடம்பு சரியில்லையா?"

அம்மா உருளையின் மூடியைப் பார்த்தபடி நின்றாள். நெற்றியில் கரி ஒட்டியிருந்தது. "ஆமாம். மணியெல்லாம் கெட்டுப்போச்சு. முந்தின தடவை போட்டதும் இப்படித்தான் கெட்டுச்சு."

உருளைக்குள் மிளகு அளவில் கறுப்பு மணிகள் நிறைய இருந்தன. நிக்கல் என்ற உலோகம் பூசிய மணிகள் அவை.

"அது எதுக்கும்மா?"

"கரியமில வாயு சுலபத்துல யாரோடயும் சேராது. வீம்பு பிடிச்சது. இந்த மணி இருக்கே, அது சண்டை போட்ட ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வெச்சுப் பேச வைக்கிற பெரியம்மா மாதிரி. சேர்த்து வெச்சிட்டு, அடுத்த ஜோடியைக் கூப்பிடும்."

"அப்புறம் ஏன் கெட்டுப்போச்சு?"

"கந்தகம்னு ஒண்ணு இருக்கு. அது வந்து பெரியம்மா போட்ட நாற்காலியில உக்காந்துட்டா எழுந்திருக்கவே எழுந்திருக்காது. மத்தவங்க எங்க உக்காருவாங்க? மாமா அடுப்புல எரிக்கிற வாயுல துளி கந்தகம் இருக்கும். வாயு கசிஞ்சா நமக்கு நாத்தம் தெரியணும்னு கம்பெனிக்காரங்களே கலக்கிறது. அதைப் பிடிக்கத்தான் கரி வடிகட்டி வெச்சிருக்கேன். வாயுவைச் சோதிச்சேன், காத்தைச் சோதிச்சேன், குழாயைச் சோதிச்சேன். எல்லாம் சரியா இருக்கு. எங்கேருந்து வருதுன்னுதான் தெரியலை."

அம்மா தட்டிலிருந்த பூண்டு பன்னை எடுத்துக் கடித்தாள். கவலை வந்தால் அம்மாவுக்குப் பசிக்கும். அந்த வாரம் முழுவதும் அவளுக்கு ரொம்பக் கவலை.

கவலைக்குக் காரணம் இருந்தது. இயந்திரம் அம்மாவுடையது இல்லை. ரயிலில் அரை நாள் போனால் வரும் பெரிய ஆய்வகத்துக்குச் சொந்தம். அங்கே கரியமில வாயுவிலிருந்து எரிபொருள் செய்தார்கள், சாயத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வேண்டிய ரசாயனங்கள்கூடச் செய்தார்கள். எல்லாம் ஆய்வகத்துக்குள்ளேயே. ஒரு சாதாரணக் கடையிலும் இது ஓடும் என்று அம்மாதான் வாதாடி இயந்திரத்தை இங்கே கொண்டுவந்திருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை ஆய்வகத் தலைவி நேரில் பார்க்க வருகிறார்.

"அவங்க வர்றப்ப ஓடலைன்னா?" என்று கேட்டாள் முந்திரி.

அம்மா ஒரு துடைக்கும் துணியை மடித்து மடித்து வைத்தாள். "லாரியில ஏத்திட்டுப் போயிடுவாங்க."

"நீ?"

"நானும் போகணும். அங்க விடுதியில பிள்ளைங்களைத் தங்க விடமாட்டாங்க. மாசத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போவேன். நீ அத்தைகிட்ட சமர்த்தா இருப்பேல்ல?"

முந்திரியிடமிருந்து பதில் எதுவும் முந்திக்கொண்டு வரவில்லை. போன வருடம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அம்மா வந்து பெட்டியைத் திறப்பதற்குள் திரும்பிப் போகும் நாள் வந்துவிடும். மறுபடியும் அப்படி இருக்க அவளால் முடியாது. 

அன்று சாயங்காலம் அத்தைக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தாள். கடையில் பூண்டு பன் வந்த பிறகு அதுதான் அவள் வேலை.

அந்தப் பன்னைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமாவைப் பொறுத்தவரை ரொட்டி என்றால் மாவு, உப்பு, தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தால் மாவுக்குக் கோபம் வரும் என்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை கல்லாவில்தான் உட்கார்ந்தார். போன மாதம் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. அத்தை தனியாக அடுப்பைப் பார்த்துக்கொண்டார். அப்போது பன்னுக்குள் நசுக்கின பூண்டும் வெண்ணெயும் வைத்துச் சுட்டுப் பார்த்தார்.

அந்த வாசனைக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. மறுநாள் கடை திறக்கும் முன்பே ஆட்கள் நின்றார்கள். 'அத்தை பன் இருக்கா?' என்று பெரியவர்கள்கூடக் கேட்டார்கள். அத்தைக்கு வந்த சிரிப்பு அப்புறம் போகவே இல்லை.

மறுநாள் வகுப்பில் முந்திரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரட்டைப் பின்னல்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"டீச்சர், இவ கையில நாத்தம். சும்மா சும்மா என் மூஞ்சிகிட்ட கொண்டு வர்றா."

"நான் கொண்டு வரலை டீச்சர். அது தானா போகுது" என்றாள் முந்திரி. "பூண்டு உரிச்சேன். சோப்பு போட்டு மூணு தடவை கழுவியும் போகலை."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லேசுல போகாது. பூண்டை நசுக்கினா கந்தகம் சேர்ந்த பொருள் வெளியில வரும். அந்த நாத்தம் கந்தகத்தோடதுதான்."

முந்திரி எழுந்து நின்றுவிட்டாள். "எந்தக் கந்தகம் டீச்சர்?"

"எந்தக் கந்தகமா? அதுல எத்தனை வகை இருக்கு? எல்லாம் ஒரே கந்தகம்தான். உக்காரு."

வகுப்பே சிரித்தது. முந்திரிக்கு அது காதில் விழவில்லை. அம்மா வாயுவைச் சோதித்தாள், காற்றைச் சோதித்தாள், குழாயைச் சோதித்தாள். அடுப்புக்குள் என்ன வேகிறது என்று மட்டும் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு அது புகை தரும் அடுப்பு. அதில் பன்னும் வேகிறது என்பதை அவள் மறந்தே போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் முந்திரி ஒரே ஓட்டமாக ஓடினாள். வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றது. கடைக்குள் நுழைந்ததும் 'அம்மா, பூண்டு' என்று கத்தவேண்டியதுதான் பாக்கி.

கடையில் கூட்டம் நெரிந்தது. அத்தை மூக்கில் மாவோடு பன்களைக் காகிதத்தில் சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமா யாரிடமோ, "இது என்னோடது இல்லைங்க. இவ கண்டுபிடிச்சது" என்று சொன்னார். மாமா இப்படிச் சொல்லி முந்திரி கேட்டதே இல்லை. அத்தை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

முந்திரி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். வாய் வரை வந்த பதிலை அவள் முழுங்கியது அதுதான் முதல் தடவை.

கொட்டகையில் அம்மா உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் ஒரே ஒரு ஜாடி நிறையக் கறுப்பு மணிகள்.

"நாளைக்குக் காலையில புது மணி போடப்போறேன். மிச்சம் இருக்கிறது இந்த ஒரு ஜாடிதான். இதுவும் கெட்டா பெட்டியைக் கட்டவேண்டியதுதான்" என்றாள்.

இனிமேல் சும்மா இருக்க முடியாது. முந்திரி நேராக அடுப்புக் கூடத்துக்குப் போனாள். கூட்டம் கலைந்திருந்தது. அத்தை மறுநாளைக்கு வேண்டிய பூண்டை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"எதை உடைச்சே?"

"உடைக்கலை." முந்திரி கந்தகத்தைப் பற்றிச் சொன்னாள். நாற்காலியைப் பற்றிச் சொன்னாள். டீச்சர் சொன்னதைச் சொன்னாள். இந்த ஒரு தடவை அவசரப்படாமல் மெதுவாகச் சொன்னாள்.

அத்தையின் கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

"ஏன்?"

"பன் உங்களோடதுதானே."

அத்தை கிண்ணத்திலிருந்த பூண்டைத் திரும்பப் பைக்குள் கொட்டினார். "சரி, நாளையிலேருந்து போடலை. ஆனா உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே. அவளுக்குத் தெரிஞ்சா, 'என் இயந்திரம் போனா போகட்டும் அண்ணி, நீங்க பன் போடுங்க'ன்னு சொல்லிடுவா. அவ புத்தி எனக்குத் தெரியாதா?"

முந்திரி தலையாட்டினாள். தலையாட்டும்போதே அது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

புது மணி போட்டதும் இயந்திரம் தெம்பாக ஓட ஆரம்பித்தது. டொக் டொக் டொக் என்று பாட்டில் நிரம்பியது. சின்ன அடுப்பில் தீ நீலமாக நிமிர்ந்து எரிந்தது. முந்திரி சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை.

கடையில் வந்தவர்களுக்கெல்லாம் அத்தை ஒரே பதிலைச் சொன்னார். "கை வலி. மாவு பிசைய முடியலை." அப்புறம் நேராக இருக்கும் தட்டுகளையே இன்னும் நேராக்கி வைத்தார்.

"அந்தப் பன் இல்லாம ஊசியில நூல் கோக்கவே வரலைம்மா. கை நடுங்குது" என்றார் தையல்காரர். அதற்கு அத்தை சிரித்தார். ஆனால் அது பழைய சிரிப்பு இல்லை.

அந்தப் பக்கம் அம்மாவும் நிம்மதியாக இல்லை.

"நல்லாத்தானே ஓடுதும்மா?"

"ஓடுது. ஏன் ஓடுதுன்னு தெரியலையே. கெட்டதுக்கும் காரணம் தெரியலை, சரியானதுக்கும் காரணம் தெரியலை. வெள்ளிக்கிழமை அவங்க கேக்கப்போற முதல் கேள்வியே அதுதான். தெரியாதுன்னு சொன்னா இதை எந்தக் கடைக்கு நம்பிக் குடுப்பாங்க?"

முந்திரிக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சொன்னால் அத்தைக்குக் கொடுத்த வாக்கு போகும். சொல்லாவிட்டால் அம்மா போய்விடுவாள். இரண்டு பேருக்கும் நல்லது செய்யப்போய் இரண்டு பேரையும் வாட வைத்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. அடுப்புக் கூடத்தில் ஒரு மாவு மூட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாமா அடுப்பிலிருந்து நீள ரொட்டிகளை வெளியே இழுத்தார். சூடு ஆறுவதற்குள் தூரிகையை உருக்கின வெண்ணெயில் தோய்த்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு இழுப்பு இழுத்தார். ரொட்டிகள் பளபளத்தன. தினமும் அவர் செய்வதுதான். முந்திரியும் தினமும் பார்ப்பதுதான்.

"மாமா, வெண்ணெயை ஏன் முன்னாடியே தடவலை?"

"முன்னாடி தடவினா அடுப்புச் சூட்டுல பாதி போயிடும். வெளியில வந்ததும் தடவினா அப்படியே நிக்கும்."

முந்திரி மூட்டையிலிருந்து குதித்தாள். மாவு புகையாகக் கிளம்பியது.

"அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டே கடைக்குள் ஓடினாள். கல்லாவுக்குப் பின்னால் போய் அத்தையின் காதில் சொன்னாள். "பூண்டு மேல தப்பில்லை. அடுப்புக்குள்ள போறதுதான் தப்பு. வெறும் பன்னைச் சுட்டு எடுத்துட்டு, அப்புறம் பூண்டு வெண்ணெயைத் தடவினா?"

அத்தையின் கண் அகன்றது. கல்லாவை மாமாவிடம் விட்டுவிட்டு அடுப்புக் கூடத்துக்கு வந்துவிட்டார்.

முதல் முயற்சி படுதோல்வி. பச்சைப் பூண்டை நசுக்கி வெண்ணெயில் குழைத்துச் சூடான பன்னில் தடவினார்கள். என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த மாமா ஒரு வாய் கடித்தார். கண்ணில் தண்ணீர் தாரையாக ஊற்றியது.

"நல்லா இருக்கா மாமா?"

"பன் எங்கே, பூண்டு எங்கே, நான் எங்கேன்னே தெரியலை" என்று சொல்லிவிட்டு மாமா தண்ணீர் குடிக்கப் போனார்.

"காரம் அடங்கலை. வெண்ணெயில போட்டுக் கொஞ்சம் காய்ச்சணும்" என்றார் அத்தை. தேநீர் போடும் தனி அடுப்பு பின் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அதற்கும் பெரிய புகைபோக்கிக்கும் சம்பந்தமில்லை. ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்து, வெண்ணெயும் பூண்டும் பொன்னிறமாகும் வரை கிளறினார். மாமாவின் தூரிகையை எடுத்துப் பன்கள் மேல் தாராளமாகத் தடவினார்.

முந்திரி கடித்தாள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. அத்தை கடித்தார். மாமா தூரத்தில் நின்றே ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் வந்து முழுப் பன்னையும் எடுத்துக்கொண்டார்.

"முன்னாடி இருந்ததை விட இது நல்லா இருக்கே" என்றார்.

அத்தைக்குப் பழைய சிரிப்பு வந்துவிட்டது.

"அத்தை, இப்ப அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"நீயே சொல்லு. நானும் கூட வர்றேன்."

இரண்டு பேரும் ஒரு தட்டில் பன்களை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். முந்திரி ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கையில வெச்சுத் தின்னுக்கிட்டே தேடியிருக்கேன். தினமும் ரெண்டு" என்றாள். அப்புறம் அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணி, கை வலின்னு சொன்னது இதுக்குத்தானா? ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"வலிச்சது நிஜம்தான். வேலை குடுக்காம சும்மா வெச்சா கை வலிக்காதா?"

அம்மா எழுந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். முந்திரியையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டாள். மூன்று பேர் மேலும் பூண்டு வாசனை அடித்தது.

வெள்ளிக்கிழமை ஆய்வகத் தலைவி வந்தார். வாசலில் ஒரு காலி லாரியும் வந்து நின்றது. குள்ளமாக இருந்தார், அதிகம் பேசவில்லை. குழாயைத் தட்டிப் பார்த்தார், தகடுகளைப் பார்த்தார், பாட்டிலில் விழும் சொட்டைக் குனிந்து பார்த்தார். முந்திரி கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா ஓடுது. ஆனா முன்னாடி ரெண்டு தடவை நின்னுபோச்சுன்னு எழுதியிருந்தீங்க. ஏன்?"

"பூண்டு" என்றாள் அம்மா.

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். "அடுப்புல வெந்த பூண்டுலேருந்து கந்தகம் புகையோட வந்திருக்கு. என் கரி வடிகட்டியால அதைத் தாங்க முடியலை. கெட்டுப்போன மணியில கந்தகம் இருக்கான்னு நேத்து சோதிச்சும் பார்த்துட்டேன். இருக்கு. அடுப்புக்குள்ள என்ன வேகுதுன்னு நான் யோசிக்கவே இல்லை. கண்டுபிடிச்சது என் பொண்ணு."

தலைவி முந்திரி பக்கம் திரும்பினார். "அப்படியா?"

"பன் அத்தையோடது. மணி அம்மாவோடது. தூரிகை மாமாவோடது. நான் பூண்டுதான் உரிச்சேன்" என்றாள் முந்திரி.

தலைவிக்கு உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. சின்ன அடுப்பில் எரிந்த நீலத் தீயைக் காட்டினார். "சரி, இவ்வளவு சின்னத் தீயை வெச்சுக்கிட்டு என்ன செய்யப்போறீங்க? உங்க பெரிய அடுப்புக்கு இது பத்தாதே."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா தலையைச் சொறிந்தார். அப்போது அத்தை உள்ளே போய் வாணலியை எடுத்துவந்தார். கொட்டகைக் கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, அந்தத் தீயின் மேல் வாணலியை வைத்தார். வெண்ணெய் உருகியது. பூண்டு பொரியும் சத்தம் கேட்டது.

"எனக்கு இது போதுங்க" என்றார் அத்தை.

தலைவி நின்றபடியே ஒரு பன் சாப்பிட்டார். இன்னொன்றை அவராகவே எடுத்துக்கொண்டார். அதையும் முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்:

"ஆய்வகத்துல எல்லாம் சுத்தமா இருக்கும். அங்க இந்தத் தப்பு நடந்திருக்கவே நடந்திருக்காது, நமக்குத் தெரிஞ்சிருக்கவும் செய்யாது. இன்னும் எத்தனையோ கடையில இதை வைக்கணும். ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு போட்டுச் சுடுவாங்க. பூண்டையும் தாங்குற வடிகட்டி ஒண்ணு செய்யுங்க. அதுக்கு நீங்க இங்க இருந்தாத்தான் முடியும்."

"ரொம்ப நாள் ஆகும்" என்றாள் அம்மா. 

"ஆகட்டும். லாரியைக் காலியாவே திருப்பி அனுப்பிடறேன்."

லாரி தெருமுனை திரும்பும் வரை முந்திரி வாசலில் நின்று பார்த்தாள். திரும்பி வந்துவிடுமோ என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் அம்மா அவளுடைய பையைத் திறந்தாள். கணக்கு வீட்டுப்பாடம் ஒரு வாரமாகச் செய்யவில்லை என்று தெரிந்தது. அம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். இயந்திரத்தைக் கவனிக்கத் தெரிகிறது, பெருக்கல் போடத் தெரியாதா என்று ஆரம்பித்து, எழுத்து கோழி கிளறினமாதிரி இருக்கிறது என்பது வரைக்கும் வந்துவிட்டாள்.

முந்திரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னடி இது, திட்டத் திட்டச் சிரிக்கிறே?"

"நாளைக்கும் திட்டுவியாம்மா?"

அம்மா கையை நீட்டி அவள் தலையைக் கலைத்துவிட்டாள்.

"தினமும் திட்டுவேன். போ, போய் நோட்டை எடுத்துட்டு வா."

கணக்கு நோட்டை எடுக்க முந்திரி அவ்வளவு சந்தோஷமாக ஓடியதை அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.